அவனுக்கு எந்த ஊரு?

போன வருடம் சித்திரையில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். சாயங்காலம் கரண்ட் போய்விட்டது. மொட்டை மாடியில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தோம். இரண்டு வருடமாக எழுதிக்கொண்டிருந்த ஃபேன்டஸி நாவலின் முதல் நான்கு அத்தியாயங்களை அக்கா மகளுக்குக் கைபேசி வெளிச்சத்தில் படித்துக் காட்டினேன். அவளுக்கு 11 வயது. கதை கேட்பதில் அவளைப் போல் பொறுமைசாலியை நான் பார்த்ததில்லை. நாயகி மலை உச்சியிலிருந்து குதித்துக் காற்றில் மிதந்தபோது அக்கா மகள் கண்ணை விரித்தாள். நாயகியின் கண்ணிலிருந்து நெருப்பு பறந்தபோது "ம்" கொட்டினாள். மூன்றாவது அத்தியாயத்தின் கடைசியில் வில்லன் வந்தான். ஏழடி உயரம், சாம்பல் நிறம், அவன் நடந்தால் புல் கருகும். அந்தப் பகுதியை எழுத எனக்கு மூன்று வாரம் ஆகியிருந்தது. படித்து முடித்ததும் அவள் கேட்டாள்:

"மாமா, அவன் எந்த ஊரு?"

"அவனுக்கு ஊரெல்லாம் கிடையாதும்மா. இருட்டிலிருந்து வந்தவன்."

"இருட்டுக்கு முன்னாடி எங்க இருந்தான்? அவங்க அம்மா எந்த ஊரு?"

அதை நான் யோசித்திருக்கவில்லை. ஏதோ சொல்லிச் சமாளித்து நான்காவது அத்தியாயத்துக்குப் போனேன். அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் முதுகைச் சுவரில் சாய்த்துவிட்டாள். கரண்ட் வந்ததும் கீழே போய்விட்டாள். அடுத்த நாள் காலையில் ஐந்தாவது அத்தியாயம் எங்கே என்று அவள் கேட்கவில்லை. நானும் ஊருக்குக் கிளம்பிவிட்டேன். பஸ்ஸில் உட்கார்ந்து வந்த நான்கு மணி நேரமும் அந்தக் கேள்விதான். எந்த ஊரு. புதிதாகப் பார்க்கிற யாரையும் நாம் முதலில் கேட்கிற கேள்வி அது. பெயரைக் கூட அப்புறம்தான் கேட்போம். இரண்டு வருடம் ஒருவனோடு குடித்தனம் நடத்திவிட்டு அவனை நான் அதைக் கேட்கவே இல்லை.

நாவலுக்கென்று ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் அதைப் பிரித்துப் பார்த்தேன். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு பக்கம். உயரம், நிறம், ஆயுதம், சக்திகள், பலவீனம் என்று கட்டம் போட்டு எழுதியிருந்தேன். நாயகிக்கு எட்டு சக்திகள். பறப்பாள், நெருப்பு விடுவாள், மிருகங்களோடு பேசுவாள், காயம் தானாக ஆறும், இன்னும் நான்கு. கல்யாணப் பெண்ணுக்கு நகை போடுவது போல ஒவ்வொன்றாக ஆசையாகப் போட்டிருந்தேன். வில்லனுக்கும் குறை வைக்கவில்லை. அவன் உலகத்தை ஆள நினைத்தான். ஏன் நினைத்தான் என்பதற்கு நோட்டில் கட்டமே இல்லை. ஆண்ட பிறகு என்ன செய்வான், காலையில் எழுந்தால் எதைச் சாப்பிடுவான், யாரிடம் கோபித்துக்கொள்வான், எதற்கும் பதில் இல்லை. நாயகியை எதிர்க்க ஒருவன் வேண்டும் என்பதற்காக நான் கொண்டுவந்து நிறுத்தியவன் அவன். அவள் வராத பக்கங்களில் அவனுக்கு எந்த வேலையும் இல்லை. அந்தச் சின்னப் பெண்ணுக்கு அது நான்கு அத்தியாயத்தில் தெரிந்துவிட்டது.

இரும்புக்கை

எனக்குச் சூப்பர் ஹீரோ என்றால் முதலில் இரும்புக்கை மாயாவிதான். அப்பாவின் தகரப் பெட்டியில் பழைய முத்து காமிக்ஸ் புத்தகங்கள் இருந்தன. 1972-ல் சிவகாசியிலிருந்து அந்த வரிசை தொடங்கியபோது முதலில் வந்தவரே மாயாவிதான். அவர் பிரிட்டனில் 1962-ல் பிறந்த பாத்திரம் என்பதெல்லாம் எனக்கு வெகு காலம் கழித்துத்தான் தெரியும். ஓரம் மடங்கி, காகிதம் பழுப்பேறிய அந்தப் புத்தகங்களில் அவர் எங்கள் ஊர்க்காரர் மாதிரிதான் இருந்தார். தமிழ் நன்றாகப் பேசினார். கையை மின்சாரத்தில் வைப்பார், உடம்பு முழுக்க மறைந்துவிடும், அந்த இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும்.

நோட்டை வைத்துக்கொண்டு யோசித்த அந்த நாட்களில்தான் ஒன்று உறைத்தது. சிறு வயதில் என்னைப் பிடித்து வைத்திருந்தது அவர் மறைந்துபோவது இல்லை. மறையாமல் மிச்சம் இருக்கிற அந்தக் கை. முழுக்க மறைய முடிந்திருந்தால் எந்த அறைக்குள்ளும் போகலாம், எதையும் எடுத்துவரலாம், கதை இரண்டு பக்கத்தில் முடிந்துவிடும். கை தெரிவதால்தான் அவர் பதுங்க வேண்டியிருக்கிறது, திரைச்சீலைக்குப் பின்னால் மூச்சைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அதோடு மின்சாரமும் வேண்டும். அதன் வேகம் குறைந்தால் உடம்பு வெளியே வந்துவிடும். கையில் அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு பக்கத்துக்குப் பக்கம் நாங்கள் பயந்ததெல்லாம் அவரால் முடியாத காரியங்களுக்காகத்தான். என் நாயகியின் எட்டு சக்திகளில் ஒன்றுக்குக் கூட இப்படி வெளியே தெரிகிற ஒரு கை இல்லை.

மாயாவியின் ஆரம்பக் கதைகளைப் பற்றி இன்னொரு சங்கதி உண்டு. ஆய்வுக்கூட விபத்தில் அந்த ஆற்றல் வந்ததும் அவர் முதலில் இறங்கியது திருட்டில்தான். நல்ல காரியத்துக்கு அப்புறம்தான் திரும்பினார். சூப்பர்மேன் கதையும் அப்படித்தான். அவரை உருவாக்கிய ஜெர்ரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் 1933-ல் முதன்முதலாக அந்தப் பெயரை வைத்தது ஒரு மொட்டைத்தலை வில்லனுக்கு. நமக்குத் தெரிந்த சூப்பர்மேன் 1938-ல்தான் வந்தார். அப்படி வந்தவருக்கு அவர்கள் ஒரு ஊரும் கொடுத்தார்கள். அழிந்துபோன ஒரு கிரகம், அப்புறம் வளர்த்தெடுத்த ஒரு வீடு. வேற்றுக் கிரகத்திலிருந்து வந்தவரிடம் கூட என் அக்கா மகளின் கேள்விக்குப் பதில் இருந்தது.

கட்டியக்காரன்

எங்கள் ஊர் செய்யாற்றுப் பக்கம். திரௌபதி அம்மன் கோயிலில் பாரத விழா நடத்துவோம். மத்தியானம் பாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து, கடைசி நாள் காலையில் படுகளம், சாயங்காலம் தீமிதி. சின்ன வயதில் ஆயா மடியில் தூங்கித் தூங்கி விழுந்து பார்த்தது. வேலைக்குப் போன பிறகு பல வருடம் ஊர்ப்பக்கம் விழாவுக்கு வரவில்லை. போன வைகாசியில் வந்தேன். நாவல் நகராமல் நின்றுவிட்டதும் அதற்கு ஒரு காரணம்.

ராத்திரி பதினொன்றரைக்கு மேல் துரியோதனன் வந்தார். கூத்து பார்த்தவர்களுக்கு அந்த வருகையைச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு பேர் ஒரு வெள்ளைத் துணியைத் திரையாகப் பிடித்துக்கொள்கிறார்கள். முகவீணை என்கிற ஊதுகுழல் உச்சத்துக்குப் போகிறது. திரைக்குப் பின்னால் இருந்தபடியே வேஷக்காரர் பாட ஆரம்பிக்கிறார். மேலே கிரீடத்தின் நுனி மட்டும் தெரிகிறது, கீழே சலங்கை கட்டிய கால் மட்டும் தெரிகிறது. திரை விலகினால் மரக் கிரீடமும் மர அணிகளும் பூட்டிய கட்டை வேஷம், புஜத்தில் கண்ணாடி பதித்த அணிகள், முகத்தில் சிவப்பு. ஒரு சுற்று சுற்றி வரும்போது களரியில் மண் பறந்தது. பாண்டவர்களுக்குக் கிடைக்காத வருகை அது. தர்மர் அமைதியாக வந்து நின்றார், அவ்வளவுதான்.

அப்புறம் கட்டியக்காரன் குறுக்கே வந்தார். கூத்தின் கோமாளியும் கட்டியம் சொல்கிறவரும் அவர்தான், உள்ளே வருகிற எல்லாருக்கும் அவர்தானே வாசல். அஸ்தினாபுரத்து ராஜாவின் எதிரே இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டு, ஊர்க்காரர் பேச்சில் கேட்டார். வந்திருக்கிறது யாரு? எந்த தேசம், எந்த ஊரு? யாருடைய பிள்ளை? கூடப் பிறந்தது எத்தனை பேரு?

நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். குழந்தையாக இருந்தபோது இந்தக் கேள்வியை நூறு தடவை கேட்டிருப்பேன். அப்போதெல்லாம் அது சிரிப்புக்கு முன்னால் வருகிற சடங்காகத்தான் காதில் விழுந்தது. இப்போது மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்த பெண்ணின் குரலில் கேட்டது. துரியோதனன் பதில் சொன்னார், பாட்டாகவும் வசனமாகவும். தகப்பன் பெயர், கண்ணைக் கட்டிக்கொண்ட தாயின் பெயர், நூறு பேரில் தான் மூத்தவன், தன் நாட்டில் மழை எப்படிப் பெய்கிறது, குடிகள் எப்படி இருக்கிறார்கள். கால் மணி நேரம் போயிருக்கும். கட்டியக்காரன் நடு நடுவே குறுக்கிட்டுச் சந்தேகம் கேட்டார். ஒரு வில்லன் இத்தனை பேர் எதிரே நின்று தன்னை முழுசாகச் சொல்லிக்கொள்ளும்வரை எங்கள் கூத்தில் கதை ஒரு அடி நகராது. அவன் செய்யப்போகும் அநியாயம் என்ன என்று உட்கார்ந்திருக்கிற எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் முதலில் அவன் ஊரைக் கேட்கிறார்கள்.

படுகளத்துக்கு ராத்திரியெல்லாம் தூங்காமல் இருந்துவிட்டுப் போனேன். கோயிலுக்கு எதிரே திடலில் துரியோதனனை மண்ணால் செய்து படுக்க வைத்திருந்தார்கள். ஒரு லாரியை விட நீளம். தலையில் மண் கிரீடம், விரிந்த கண், மீசை. சேற்றைக் குழைத்து அந்த உடம்பைச் செய்ய விடியவிடிய பத்துப் பேர் வேலை பார்த்திருந்தார்கள். வெயில் ஏறிய பிறகு பீமனும் துரியோதனனும் அந்த மண் உடம்பைச் சுற்றி ஓடினார்கள். துரியோதனன் ஜனங்களுக்குள் புகுந்து ஓடினார், பீமன் துரத்தினார், தொடையில் அடி விழுந்தது. மண் தொடைக்குள் புதைத்து வைத்திருந்த சிவப்பு நீர் வெளியே வந்தது. பாஞ்சாலி அதைக் கூந்தலில் தடவி முடிந்தாள். பதினெட்டு நாள் போருக்கும் அதற்கு முந்தைய அத்தனை அவமானத்துக்கும் முடிவு அது. கூட்டம் குலவை போட்டது.

அந்தக் குலவை அடங்கும் முன்னே காந்தாரி வேஷக்காரர் மண் உடம்பின் மேல் விழுந்து ஒப்பாரி வைத்தார். எங்கள் தெருப் பெண்கள் அழுதார்கள். கொஞ்ச நேரம் முன்பு பாஞ்சாலிக்குக் குலவை போட்ட அதே பெண்கள். என் பக்கத்தில் நின்ற ஒரு பெரியம்மா, பத்து வருடத்துக்கு முன்னால் ஒரே மகனைப் பறிகொடுத்தவர், முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு அழுதார். எவனுக்காக அழுகிறோம் என்று அவருக்குத் தெரியும். சபையில் சேலையை உருவச் சொன்னவன். அவன் செத்தது நியாயம் என்பதிலும் அவருக்குச் சந்தேகம் இல்லை. எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்தபோது ஆளாளுக்குக் குனிந்து அந்த உடம்பிலிருந்து ஒரு பிடி மண் எடுத்தார்கள். சின்ன வயதில் ஆயா அதை முந்தானையில் முடிந்துகொண்டு வந்து நெல் குதிரில் போடுவார். விளைச்சல் பெருகும் என்பார். கெட்டவனுடைய மண் எப்படி நல்லது செய்யும் என்று அப்போது நான் கேட்டதே இல்லை. இந்தத் தடவை நானும் குனிந்து ஒரு பிடி எடுத்தேன். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து, நோட்டில் ஏழடி உயர சாம்பல் நிறத்தானின் பக்கத்தைக் கிழித்தேன்.

அவனுக்காக அழ என் நாவலில் ஒருத்தர் கூட இல்லை. அந்தப் பக்கம் கிழிபட அது ஒன்றே போதுமாக இருந்தது.

இரண்டு பக்கத்துக் கல்

கிழித்த பிறகு சுலபமாகிவிடவில்லை. வில்லனுக்கு ஒரு சோகமான சிறு வயதைக் கொடுத்தேன், அம்மா சாவைக் கொடுத்தேன். படித்துப் பார்த்தால் அவன் மேல் இரக்கம் வந்தது, பயம் போய்விட்டது. கூத்துத் துரியோதனனிடம் அப்படி இல்லையே. அவர் திரை விலக்கி வந்தபோது முன் வரிசைக் குழந்தை ஒன்று வீரிட்டு அழுதது. தன் பக்கம் நியாயம் என்று நம்பி அவர் நின்ற நிற்பில் பயமும் இருந்தது, காலையில் வந்த அழுகைக்கான விதையும் இருந்தது. எனக்கு அந்த நிற்பு பிடிபடவில்லை.

பிடி கிடைத்தது நடுகல்லில். எங்கள் மாவட்டத்தில் செங்கம் சுற்றுவட்டாரம் முழுக்க நடுகற்கள். தண்டராம்பட்டுப் பக்கம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்தது. அவனோடு சேர்ந்து கள்ளர்களைக் கடித்துக் காவல் காத்த நாயையும் கல்லில் செதுக்கி, அதன் பெயர் கோவிவன் என்றும் எழுதி வைத்தார்கள். 1,400 வருடத்துக்கு முந்தைய நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது. என் வில்லனின் அம்மா பெயர் எனக்குத் தெரியாது.

இந்தக் கல்வெட்டுகளைப் படிக்கும்போது ஒரு சொற்றொடரில் நின்றுவிட்டேன். மாட்டு மந்தையைத் தொறு என்பார்கள். சில கற்களில் 'தொறு மீட்டுப் பட்டான்' என்று இருக்கிறது. கவர்ந்து போன மாடுகளை மீட்கப் போராடிச் செத்தவன். சில கற்களில் 'தொறுக்கொண்டு பட்டான்'. மாடு பிடிக்கப் போய்ச் செத்தவன். இவனுக்கும் கல், அவனுக்கும் கல். அதே வில், அதே ஓங்கிய வாள், அதே முன்வைத்த கால். மாட்டை இழந்த ஊரில் அவன் கள்ளன். மாட்டை ஓட்டி வரச் சொல்லி அனுப்பிய ஊரில் அவன் சாமி. மதுரை வீரன் கதையில் ஒரே ஆளுக்கே இந்த இரண்டும் நடக்கிறது. கள்ளர்களை ஒடுக்கப் போனவன், கள்ளன் என்று பிடிபட்டு மாறுகால் மாறுகை வாங்கப்பட்டான். இன்றைக்கு எத்தனையோ ஊரில் எல்லைச் சாமி.

ஆக, நான் கேட்க வேண்டியிருந்த கேள்வி அவன் ஏன் கெட்டவன் ஆனான் என்பது இல்லை. எந்த ஊரில் அவனுக்குக் கல் நடுவார்கள் என்பதுதான். அந்த ஊரைக் கண்டுபிடித்துவிட்டால் அவன் தானாக நிமிர்ந்து நிற்பான் என்று தோன்றியது.

தலைமடை, கடைமடை

ஊர் என் கண்ணெதிரே இருந்தது. தமிழ்நாட்டில் 39,000-க்கும் மேல் ஏரிகளும் கண்மாய்களும் இருக்கின்றன. பாதிக்கு மேல் சங்கிலியாகக் கோத்தவை என்று சொல்லத் தோன்றும் அளவுக்கு, எங்கள் பக்கம் எந்த ஏரிக்கரையில் நின்றாலும் அதன் கலங்கலில் வழிகிற தண்ணீர் கீழே இன்னொரு ஏரியைத் தேடிப் போகும். மேல் ஏரி நிரம்பி வழிந்தால்தான் கீழ் ஏரிக்குத் தண்ணீர். தலைமடைக்காரன் ஒரு பலகையைச் சாய்த்து வைத்தால் கடைமடைக்காரனுக்கு ஒரு போகம் போச்சு. எங்கள் தாத்தா காலத்தில் மண்வெட்டியோடு ராத்திரி காவல் கிடந்ததும், மண்டை உடைந்ததும், பெண் கொடுத்த சம்பந்தம் முறிந்ததும் இதற்காகத்தான். எனக்கு இதைவிடப் பெரிய போர்க்களம் எதற்கு? மலை உச்சியையும் இருள் கோட்டையையும் விட்டுவிட்டு ஏழு ஏரிகளை வரைந்தேன்.

கரை இருந்தால் கன்னிமார் இருப்பார்கள். ஏழு கல், மஞ்சள் குங்குமம், வருடத்துக்கு ஒரு பொங்கல். ஏழு ஏரிக்கு ஏழு அக்கா தங்கைகள் என்று பிரித்து வைத்தேன். சக்தி இவர்களிடமிருந்து வருகிறது. எந்தக் கன்னி யாருக்குக் கொடுக்கிறாள், பதிலுக்கு எதை எடுத்துக்கொள்கிறாள் என்பது மட்டும் விதி.

நாயகியின் பழைய பெயரைத் தூக்கிப் போட்டுவிட்டுக் குமிழி என்று வைத்தேன். குமிழித்தூம்பு பார்த்திருக்கிறீர்களா? கரையிலிருந்து தள்ளி ஏரிக்குள்ளே இரண்டு கல் தூண் நிற்கும். அடியில் தொட்டிக் கல்லில் ஒரு துளை, அதை அடைத்துக்கொண்டு ஒரு குழவி மாதிரி கல். வெள்ளக் காலத்தில் நீந்திப் போய், முங்கி, அந்தக் கல்லைத் தூக்க வேண்டும். தூக்கியதும் மேல் துளை வழியாகத் தண்ணீரும் கீழ்த் துளை வழியாகச் சேறும் ஓடும். நீரோடி, சேறோடி என்று பெயர். அந்த இழுப்பில் ஆளும் சேர்ந்து போய்விடக் கூடும். மடை திறக்கிறவர்களைத்தான் மடையர் என்றார்கள், உயிரை வைத்து இறங்கியவர்களின் பெயர்தான் பிற்பாடு வசவாகிவிட்டது என்று ஊர்ப் பக்கம் பெரியவர்கள் சொல்வார்கள். அதைக் கேட்ட நாளிலிருந்து அந்தச் சொல்லைத் திட்டுவதற்கு நான் பயன்படுத்துவதில்லை. குமிழி அந்த வம்சம்.

எட்டு சக்திகளை எடுத்துவிட்டு அவளுக்கு ஒன்றே ஒன்று கொடுத்தேன், மூச்சு. அதிலும் கணக்கு வைத்தேன். முத்துக்குளிப்பவர்கள் ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் அடியில் இருந்து சிப்பி பொறுக்குவார்கள். 2009-ல் ஸ்டெபான் மிஃப்சூத் என்ற பிரெஞ்சுக்காரர் 11 நிமிடம் 35 நொடி மூச்சடக்கிக் காட்டினார், ஆனால் அது நீரில் அசையாமல் கிடந்து செய்தது. குமிழிக்குச் சேற்றில் கல்லைப் புரட்டிக்கொண்டே அரை மணி நேரம். அதற்கு மேல் ஒரு நொடி கிடையாது. பதிலுக்கு முதல் கன்னி எடுத்துக்கொள்வது காதை. முங்குகிறவர்களுக்கு இரண்டு ஆள் ஆழத்திலேயே காது வலிக்கும். குமிழிக்கு ஒவ்வொரு முங்கலுக்கும் கரையில் கேட்கிற ஒரு சத்தம் போய்விடும். முதலில் கொலுசு, அப்புறம் ஆட்டுக்குட்டி, அப்புறம் மழை. தண்ணீருக்குள் மட்டும் எல்லாம் கேட்கும். ஒவ்வொரு தடவை ஊரைக் காப்பாற்றி மேலே வரும்போதும் ஊர் கொஞ்சம் அமைதியாகிவிட்டிருக்கும். இதை எழுதிய அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அவளுக்கு என்ன ஆகுமோ என்று எனக்குக் கவலையாக இருந்தது.

வில்லனுக்குப் பெயர் வேம்படியான். ஏழாவது ஏரி, கடைமடை. பிறந்ததிலிருந்து அந்த ஏரியில் தண்ணீர் நின்று அவன் பார்த்ததில்லை. பன்னிரண்டு வயதில் மேலூருக்கு வேலை தேடி வருகிறான். குமிழி முங்கும்போது இடுப்பில் கட்டுகிற கயிற்றின் மறுமுனையைப் பிடிக்கிற வேலை கிடைக்கிறது. முத்துக்குளிக்கப் போகிறவர் மைத்துனன் கையில்தான் கயிற்றைக் கொடுப்பார் என்று சொல்வார்கள். தங்கை தாலிக்காகவாவது கயிற்றை விடமாட்டான். குமிழி பத்து வருடம் இவன் கையில் கொடுத்தாள். 'அண்ணா' என்றுதான் கூப்பிடுவாள்.

ஒரு ஐப்பசி ராத்திரி முதல் ஏரி உடைகிற நிலைமை. மூன்று ஊர் போய்விடும். குமிழி முங்கித் தூம்பைத் திறக்கிறாள். தண்ணீர் ஆறு ஏரியையும் நிரப்பிக்கொண்டு ஏழாவதற்குப் போகிறது. இத்தனை வருடம் காய்ந்து, வெடித்து, எலி வளை விட்டிருந்த கடைமடைக் கரை தாங்கவில்லை. அங்கே மிச்சம் இருந்தது ஒன்பது வீடு, அதில் ஒன்று அவன் அம்மாவுடையது. வாழ்நாளெல்லாம் வராத தண்ணீர் ஒரே ராத்திரியில் வந்தது. மேலூரில் குமிழிக்குப் பொங்கல் வைக்கிறார்கள். செய்த காரியம் ஒன்றுதான்.

பல வருடமாகப் பொங்கல் இல்லாமல் கிடந்த ஏழாவது கன்னி அவனுக்குக் கொடுக்கிற சக்தி, தண்ணீரை நிறுத்துவது. உள்ளங்கையை வைத்தால் ஓடுகிற தண்ணீர் நிற்கும். கடைமடையில் பிறந்தவன் வேறு எதைக் கேட்பான்? நிறுத்துகிற ஒவ்வொரு தடவையும் அந்தக் கையில் ரத்தமும் நிற்கும். விரல் ஒவ்வொன்றாக மரத்துக் கறுக்கும். அவனுக்கு உலகம் வேண்டாம். மேலே இருக்கிற ஆறு ஏரிக்காரர்களும் ஒரே ஒரு வருடம் கடைமடையாக இருந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அதை அவன் சாதாரணக் குரலில் சொல்கிற இடத்தை எழுதும்போது எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. எங்கள் தாத்தாவின் எதிர்க்கட்சிக்காரர்களின் குரல் அது. கோபம் வந்தால் எங்கள் தாத்தாவின் குரலும் அதுதான்.

நல்லவள் பக்கம் யார், கெட்டவன் பக்கம் யார் என்பதில் எனக்கு இப்போதும் குழப்பம் இல்லை. வேம்படியான் செய்வது அநியாயம். கதை நடுவில் அவன் நிறுத்தி வைக்கிற தண்ணீரால் குழந்தைகள் சாகின்றன, அதற்கு எந்தக் கணக்கும் ஈடு சொல்லாது. அவன் தோற்றாக வேண்டும். ஆனால் தோற்கிற அன்றைக்கு யாராவது ஒருத்தர் அவன் மண்ணை ஒரு பிடி எடுத்து முந்தானையில் முடிந்துகொள்ள வேண்டும். அது குமிழியாக இருக்குமா என்று எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் திரும்ப அக்கா வீட்டுக்குப் போனேன். கரண்ட் இருந்தது, இருந்தாலும் மொட்டை மாடிக்கே போனோம். புதிதாக எழுதிய ஆறு அத்தியாயங்களைப் படித்தேன். வேம்படியான் முதல் தடவை வந்தபோது அவள் ஊரைக் கேட்கவில்லை, அதுதான் ஏற்கனவே தெரியுமே. கரை உடைகிற ராத்திரியில், குமிழி தண்ணீருக்கு அடியில் இருக்கும்போது, கீழூரிலிருந்து ஓடி வந்த ஆள் சேதி சொல்கிறான், கயிறு வேம்படியானின் கையிலிருந்து போகிறது. அந்த இடத்தில் அத்தியாயத்தை நிறுத்தியிருந்தேன். அவள் சாய்ந்திருந்தவள் எழுந்து உட்கார்ந்தாள்.

"மாமா, அவன் கயித்த விட்டுட்டானா, இல்ல அதுவா நழுவிடுச்சா?"

"நீ என்ன நினைக்கிற?"

வெகு நேரம் ஒன்றும் சொல்லவில்லை. கீழே அக்கா சாப்பிடக் கூப்பிட்டார்.

"அவனுக்கே தெரியாதா மாமா?" என்றாள்.

ஏழாவது அத்தியாயத்தை அங்கிருந்துதான் தொடங்கியிருக்கிறேன்.